அந்நியருக்குச் சொல்லும் கணக்கு

சார்டீனியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி பக்கீசியோவுக்கு,

அக்கா அந்தியோக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் கவினோவும் ஆடுகளும் சுகம். தூரினில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ ஏற்பாடு செய்த டாக்டரம்மா லவீனியா இரண்டாவது தடவையும் வந்து போனாள். வயதானவர்களுக்கு வரும் மறதி நோயை ஆராய்கிறார்களாம். அதற்குக் கடல் தாண்டி நம் மலைக்கு ஏன் வர வேண்டும், வடக்கே கிழவர்களே இல்லையா என்று கேட்டேன். "உங்க ஊர்ல பல தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே கட்டியிருக்கீங்க. அதனால நோயோட வேரைப் பிடிக்கறது எங்களுக்குச் சுலபம்" என்று சிரித்தாள். அது பாராட்டா ஏச்சா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும், "என்ன தெம்பா இருக்கார்!" என்று வாய் நிறையச் சொன்னாளே தவிர, புகழ்ந்தவர் கண் படாமலிருக்கத் தொட வேண்டும் என்ற நம் ஊர் வழக்கப்படி ஒரு விரலால்கூட அவரைத் தொடவில்லை. அவள் வண்டி கிளம்பியதும் நான்தான் அவர் தோளைத் தொட்டுக் கழித்தேன்.

ரத்தம் வேறு எடுத்தாள். எங்கே போகிறது என்று கேட்டேன். குளிர்பெட்டிக்கு என்றாள். அங்கிருந்து எங்கே என்று கேட்டதற்கு, என் பாலாடைக்கட்டி நன்றாக இருக்கிறது என்றாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நான் மறந்துவிடவில்லை, தம்பி.

இப்போது புது மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மாதம் ஒருமுறை அப்பாவைக் கால்யரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நரம்பு வழியாக ஏற்றுவார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்! என்ன விற்கிறோம் என்று கடைக்காரனுக்கே தெரியாத கடையில் நீ சாமான் வாங்குவாயா? நீ மட்டும் சரி என்றால் போதாது, கூட இருக்கும் நானும் சம்மதிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்பாவுக்கு நோய் ஆரம்பித்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறாள் தெரியுமா? கடிகாரம் வரையச் சொன்னாளாம், முள் கோணலாம். அவர் ஆயுளில் சூரியனைத் தவிர வேறெந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்? அப்புறம், எத்தனை ஆடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். போன தடவை முப்பது என்றாராம். இந்தத் தடவை ஐம்பது என்றாராம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏம்மா, எந்த ஆட்டுக்காரன் அந்நியர்கிட்ட நெசக் கணக்கைச் சொல்லுவான்? கேக்கறவன் வரிக்காரனா இருப்பான், இல்லாட்டித் திருடனா இருப்பான். பொய் சொல்லத் தெரியுதுன்னா எங்கப்பாவுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு" என்றேன். சின்ன வயதில் நமக்கு அதைச் சொல்லி வளர்த்தவரே அவர்தானே. உண்மைக் கணக்கை இந்தக் கடிதத்தில்கூட நான் எழுதமாட்டேன். நம் தபால்காரரைப் பற்றி உனக்குத் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. "அப்படின்னா நீங்களே ஒருநாள் கேட்டுப் பாருங்க. நீங்க அந்நியர் இல்லையே" என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. பெற்ற தகப்பனுக்குப் பரீட்சை வைக்கச் சொல்கிறாளே!

ஆனாலும் அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது. நேற்று சாயங்காலம் பட்டிக்குப் போனேன். கவினோ ஆடுகளை உள்ளே விட, அப்பா வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எப்போதும்போல் கடைசி ஆடு நுழைந்ததும் குனிந்து நாய் லாம்புவின் காதில் கணக்கைச் சொன்னார். நான் கல்சுவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். சரியான கணக்கு, தம்பி! ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. டாக்டரம்மா முகத்தில் கரி பூசியாயிற்று என்று நினைத்தேன்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். அவர் வாயாலேயே எனக்கும் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை. பக்கத்தில் போய், "எத்தனை ஆடு இருக்குப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டியின் கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "என்னம்மா, ஒரு முப்பது இருக்கும். ஏதோ வயித்துப்பாட்டுக்கு" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, மரியாதையாக, "நீங்க யாரு வீட்டம்மா? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே" என்றார்.

ஆட்டுக் கணக்கு அவருக்கு மறக்கவில்லை, பக்கீசியோ.

வீட்டுக்கு வந்து சூப்பை வைத்ததும், "உப்பு போதலடி, அந்தியோக்கா" என்று அதட்டினார். பழைய அப்பாவாகத் திரும்பி வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே உப்பை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவர் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், என்னை யாரென்று பார்க்கிறார் என்று சந்தேகமாகவே இருக்கிறது. இந்தச் சந்தேகம் டாக்டர் மேல் பட்டதைவிடக் கொடியது.

நாளை டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடுவேன். நான் அவளை இன்னமும் நம்பவில்லை. மருந்தா உப்புத் தண்ணீரா என்று சாமிக்குத்தான் தெரியும். இருந்தும் கால்யரிக்குக் கூடவே போவேன், ஒவ்வொரு குப்பியையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நீ கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காதே. லீவு கிடைத்த முதல் நாளே வந்துவிடு. வந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே பட்டிக்குப் போய், எத்தனை ஆடு என்று அவரைக் கேள். முப்பது என்று சொன்னால் வீட்டுக்கு வா, அக்காவும் தம்பியுமாக உட்கார்ந்து அழுவோம். உண்மைக் கணக்கை உன்னிடம் சொல்லிவிட்டால், மகராசனாய் இரு. என்னிடம் மட்டும் அதைச் சொல்லாதே.

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவர் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
அந்தியோக்கா