ஆணிக்கு முன் மூன்று தடவை

சேசு மரி சூசை

கோலார் தங்கவயல்,
6 ஜூலை 1926

தம்பி கிளாரன்ஸுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம் பட்டாளத் தண்டு நல்லடக்க சபையின் தலைமையை என்னிடமிருந்து எடுத்து உனக்குக் கொடுத்தார்கள். மறுநாளே ரயிலேறி மகள் டோரதி வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபமில்லை என்று எழுதினால் பொய். நான் மரக்கடைக்காரன், நீ பள்ளிக்கூட வாத்தியார். ஏழைக் கிறிஸ்தவன் செத்தால் பெட்டியும் குழியும் கொடுக்கிற சபைக்கு இனி இங்கிலீஷில் கடுதாசி எழுதத் தெரிந்தவன் வேண்டுமாம். சரி. குதிரை வண்டி வாங்கு, கறுப்புத் துணி போடு, என் படத்தைக்கூடக் கழற்று. ஒன்றை மட்டும் விடாதே. ஆணி அடிக்குமுன் தலைவன் குனிந்து, இறந்தவரை மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சபை தொடங்கிய நாளிலிருந்து நான் செய்தது. இனி உன் வேலை.

இங்கே தண்ணீர் ருசியில்லை.

பெரியப்பா ரெமிஜியஸ்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
10 ஜூலை 1926

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் படம் மாட்டின இடத்திலேயே இருக்கிறது. கூப்பிடுவதைத்தான் கமிட்டி நிறுத்திவிட்டது. நிறுத்தச் சொன்னவன் நான்.

தவக்காலத்தில் டோரீன் அக்காவின் பையன் நோயலை நீங்கள் கூப்பிட்டீர்கள். ரெண்டாம் தடவையில் அவள் பாய்ந்து வந்து மூடியைத் தள்ளி, பிள்ளையின் வாயில் காதை வைத்தாள். "உசிரு இருக்குன்னுதானே கூப்பிடறீங்க? இன்னொரு வாட்டி கூப்பிடுங்க மாமா" என்றாள். நீங்களும் கூப்பிட்டீர்கள். அவளைப் பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இன்னும் அவள் வாசற்கதவைச் சாத்துவதில்லை.

டாக்டர் சர்டிபிகேட் கொடுத்த பிறகு எதற்கு இது? உங்களோடு சேர்ந்து சபை தொடங்கிய அப்பாகூட இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இருமல் குறைந்ததா?

கிளாரன்ஸ்

கோலார் தங்கவயல்,
15 ஜூலை 1926

தம்பி,

உன் அப்பன் சில்வெஸ்டர் சொல்லியிருக்க மாட்டான். சொல்லாதே என்றது நான். செத்துப் பிழைத்தவன் கடையில் எவன் மரம் வாங்குவான்?

பிளேக் வருஷம். நானும் உன் பெரியம்மா ரெஜினாவும் ஒரே வாரத்தில் விழுந்தோம். இரண்டு பேருக்கும் சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. கொட்டகையில் பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. ஆணி அடிக்க ஆள் போதாமல் என் சிநேகிதனும் தச்சனுமான உன் அப்பனையும் கூட்டிவந்தார்கள். என் பெட்டிக்கு வந்த அவன் அழுதுகொண்டே இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டானாம். எனக்குத் தெரியாது. மூன்றாம் தடவை, "ரெமி, ஷிமோகா தேக்கு வண்டி வந்து நிக்குது, வெல பேச ஆளில்லடா, எழுந்திரு" என்றான். அது காதில் விழுந்தது. கையை அசைத்தேன்.

எனக்கு முந்தின பெட்டி ரெஜினாவுடையது. அதற்கு வேறொருவன் ஆணி அடித்திருந்தான். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அவள் செத்துத்தான் இருப்பாள். சர்டிபிகேட்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். கடையில் ரம்பம் நின்றால் பலகை அடுக்குக்குள்ளிருந்து எனக்கு ஏதோ கேட்கும். யாரைக் கூப்பிட்டாலும், முதல் ஆணி விழுவதற்குள் நான் காது கொடுத்து நிற்பது அவள் குரலுக்குத்தான். டோரதிக்கு இது தெரியாது.

டோரீன் விஷயத்தில் நீ எழுதியது நியாயம். ஆனாலும் கூப்பிடு.

ரெமிஜியஸ்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
24 ஜூலை 1926

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் லிங்கராஜபுரம் ஜெயராஜை அடக்கம் செய்தோம். தச்சன் ஆணியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் கூப்பிடாமலே, அடி என்று தலையாட்டினேன்.

மறுநாள் உங்கள் எழுத்தைப் படித்தேன். அதிலிருந்து வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது, வராத பையனின் பேரில் நின்றுவிடுகிறேன். "சார், அவன் லீவு சார்" என்கிறார்கள். எனக்கு அடுத்த பேருக்குப் போக வாய் வரவில்லை.

கூப்பிடுகிறேன் பெரியப்பா. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டார் காதில் விழாமல். ஒரு தடவை போதும் என்பது என் எண்ணம். நீங்கள் எப்படி முடித்து எழுதினாலும் அதற்கு நான் சம்மதம். கமிட்டி என் பொறுப்பு.

கிளாரன்ஸ்

கோலார் தங்கவயல்,
28 ஜூலை 1926

தம்பி கிளாரன்ஸுக்கு,

ஒரு தடவையோடு உன் அப்பன் நிறுத்தியிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. கதவை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன், எண்ணிக்கையை விடமாட்டேன்.

ஆக, பேசி முடித்தது இது. கதவு சாத்தியிருக்கும். உள்ளே நீயும் தச்சனும் மட்டும். வீட்டில் கூப்பிடுகிற பேரால், மூன்று தடவை. ஒரு மூச்சு விட்டு, பிறகு ஆணி. பெட்டி அறைச் சாவியை டோரதியின் புருஷன் கொண்டுவந்து தருவான். நான் இனி கூட்டத்துக்கு வரமாட்டேன், குறுக்கே பேசமாட்டேன்.

என் முறை வரும்போது பேரெல்லாம் வேண்டாம். தேக்கு வண்டி வந்து நிற்கிறது என்று சொல். அதற்கும் நான் அசையாவிட்டால் அடித்துவிடு. என்னை ரெஜினாவுக்குப் பக்கத்தில் இறக்கு. மண்ணைத் தள்ளுமுன் அவள் பக்கம் திரும்பி அவளையும் கூப்பிடு. அவளுக்கும் மூன்று தடவை.

ரெமிஜியஸ்