கழிமுகத்தின் மேல் ஒரு சுற்று

அப்பா,

அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: "அந்த மேட்டை நானும் பார்த்தேன்."

பாச்சை உருண்டை போடுவதற்காக இன்று உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வரைபடத் துணியின் மெழுகு வாசனை அப்படியே இருந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் காணும் பொங்கல் அது. மாமல்லபுரம் கடற்கரையில் தனியார் கம்பெனி ஒன்று ஹெலிகாப்டர் கொண்டுவந்து சுற்றிக்காட்டுகிறது என்று கேள்விப்பட்டு, உங்களைக் கேட்காமலே சீட்டு வாங்கிவிட்டேன். ஆயுள் முழுக்க வயலிலும் சேற்றிலும் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர், ஒரு தடவையாவது அதை மேலிருந்து பார்க்கட்டும் என்று ஆசை.

வரிசையில் நமக்கு முன்னால் நின்ற ஜவுளிக்கடை பாய் உங்களைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார்.

"இன்னா சார், தரையெல்லாம் அளந்து முடிச்சாச்சா? இப்ப ஆகாசத்துக்கும் கல்லு நட வந்துட்டீங்களா?"

"முதல்ல உன் கடை வாசப்படிய அளக்கறேன் பாய். ரோட்ல ரெண்டு அடி கீது."

சுண்டல் விற்ற அம்மா வேறு என் கையைத் தட்டி, "யம்மா, நைனாவ கெட்டியா புடிச்சிக்கோ. ஒல்லியா கீறாரு, காத்துல பூடப் போறாரு" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அப்படி வாய்விட்டு நீங்கள் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பாய் முன்னால் ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நாம் இருவர். எனக்குக் கடல் பக்கம், உங்களுக்குக் கரைப் பக்கம். கோவிலும் பாறைகளும் சின்னதாகிப் பின்னால் போயின. வடக்கே பறந்து கழிமுகத்துக்கு வந்தோம். வெள்ளை மணல் திட்டை அறுத்துக்கொண்டு பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் இறங்கியது. பச்சைத் தண்ணீர் அதை உள்ளே விடாமல் தள்ளியது. இரண்டும் கலக்காமல், ஓரங்கள் சுருண்டு சுருண்டு, வெகுதூரம் கூடவே போயின. இதைக் காட்டத்தான் உங்களை அழைத்து வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெலிகாப்டர் சாய்ந்து திரும்பியது. பாய் கத்தினார்: "சார், அங்க பாருங்க! கழிக்கு நடுவுல எம்மாம் பெரிய மேடு! பனமரமெல்லாம் கீது!"

நான் உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஏழெட்டு முதிர்ந்த பனைகள். அடியில் காய்ந்த புல். இடிந்த மண்சுவர் ஒன்று. நீங்கள் தண்ணீர் என்று வரைந்திருந்த இடம்.

அந்தப் படத்தை நீங்கள் வீட்டில் நகலெடுத்தபோது, துணி சுருளாமல் மூலையைப் பிடித்துக்கொண்டவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அங்கே குடியிருந்த ஏழுமலை நம் வாசலுக்கு வந்து நின்றதும் நினைவிருக்கிறது.

"மழ புடிச்சி, கழிமுகத்த மணல் அடச்சிகினு, மேடு முழுகி இருந்தப்ப வந்து அளந்துட்டீங்க சார். நாங்க மண்ண வெட்டி வுட்டா மறுநாளே தண்ணி கடலுக்குப் பூடும். அப்ப வந்து பாருங்க. எங்க ஆயா வெச்ச பனை கீது சார் அங்க."

"கண்ணால பாக்காதத நான் போட மாட்டேன்" என்றீர்கள். பனைகளைச் சுற்றியும் முழங்கால் தண்ணீர்; அதில் நின்று, பார்த்ததைத்தான் போட்டிருந்தீர்கள். அதில் பொய் இல்லை. மணல் திட்டை வெட்டும்வரை பத்து நாள் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். படத்தில் மேடு இல்லை என்பதால் பட்டா ரத்தானது. ஏழுமலை குடும்பம் உப்பளத்து ஓரம் குடிசைக்குப் போனது.

தரையிறங்கியதும், "வெயில் ஜாஸ்தியா கீது, போலாம்" என்றீர்கள். செங்கல்பட்டு வரும்வரை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தீர்கள். உங்கள் நல்ல நாளை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

பங்குனியில் ஒரு சாயங்காலம், நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்தீர்கள்.

"அன்னிக்கு மேல போனமே, அது சாஞ்சி திரும்பறப்ப நீ எந்தப் பக்கம் பாத்துகினு இருந்த?"

எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பொய் சொன்னேன். "கடலைப் பாத்துகினு இருந்தேம்பா."

"ம். கடல் நல்லா இருந்துச்சு" என்று எழுந்து போய்விட்டீர்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நான் நினைத்தேன்.

ஆடியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போனபின், பதினாறாம் நாள் இந்தப் பெட்டியில் சர்வே ஆபீசுக்கு எழுதிய ஒரு மனு கிடைத்தது. உங்கள் அச்சு மாதிரிக் கையெழுத்து. "என் அளவையில் நேர்ந்த பிழை" என்று ஆரம்பித்து முழுப் பக்கம். அடியில் "உடன் பார்த்தவர்" என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தீர்கள். சாட்சி இல்லாத அளவை செல்லாது என்று முப்பது வருடம் சொன்னவர், சாட்சி கேட்டுத்தான் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பாய் பார்த்தது வெறும் மேட்டை; படத்தில் அது எந்த இடம் என்று தெரிந்து பார்த்திருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். சாட்சி இல்லை என்றதும் உங்கள் கையெழுத்தையும் போடாமல் மடித்து வைத்துவிட்டீர்கள்.

நான் என் பெயரை எழுதி ஆபீசில் கொடுத்தேன். அளந்தவர் கையெழுத்து இல்லாமல் இது வெறும் காகிதம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஏழுமலையைத் தேடிப் போய்ச் சொன்னேன். உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தார்.

"சாரு பாத்துட்டாரு இல்ல?"

"பாத்துட்டாரு."

"அது போதும்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா பாத்துட்டாரு இல்ல."

அந்தக் குரலை என்னால் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை, அப்பா. யாரையாவது காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடும்போதெல்லாம் அது கேட்கிறது.

பட்டா இல்லாத அந்த மேட்டைச் சர்க்கார் வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டது. இந்தத் தை மாதம் பனைகளை வெட்டிவிட்டுச் சவுக்கு நட்டார்கள்.