ஞாயிற்றுக்கிழமை என் பாடு

தோணிரேவு

அன்பு மகன் தனசேகருக்கு நைனா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் படகும் சுகம், மஸ்கட்டில் நீயும் பானுப்ரியாவும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் காகிதம்.

நீ என் போனில் போட்டுக் கொடுத்த தேடுகிற பக்கத்தைத் தினமும் பார்க்கிறேன். பிடித்ததற்குக் கட்டைவிரலை மேலே காட்டினால் முன்னால் வரும், கீழே காட்டினால் பின்னால் போகும், நம் வீட்டுக்கே பொது, யார் காட்டினாலும் எல்லார் போனிலும் மாறும் என்று சொன்னாய். நம் ஊர்ப் பெயரைப் போட்டேன். முதலில் துறைமுகச் செய்திதான் வந்தது, அதைக் கீழே தள்ளினேன். தள்ளத் தள்ள, பூநாரை பார்க்க வந்த யாரோ எடுத்த படத்தில் உன் அம்மா! கரையில் இறால் பிரிக்கிறாள், சிரிக்கிறாள். அன்று ஏரியில் வலை போட நம் முறை, நம் பாடு, வலை நிறைய இறால். “இன்னாய்யா, எறாலப் பாக்கறியா, என்னியப் பாக்கறியா”ன்னு கேட்டாளே, அந்த நேரத்துப் படம். வீட்டில் மாலை போட்ட படத்தில் அவள் சிரிக்கவே இல்லை. தினமும் காலையில் மேலே ஏற்றினேன், சாயங்காலம் பார்த்தால் கீழே கிடந்தது. போன் கெட்டுவிட்டது என்று தருமன் போன் கடையில் சண்டையே போட்டேன். அவன் பார்த்துவிட்டு, “போன்ல ஒண்ணுமில்லண்ணே, உம் புள்ள பேருதான் காட்டுது, அவன்தான் கீழ தள்றான்”னு சொன்னான்.

இறால் வாடை அடிக்கிற அம்மா உனக்கு வெட்கமாகிவிட்டாளோ என்று இரண்டு நாள் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். பிறகு பானுப்ரியாதான் போனில், “அத்த படம் மேல வந்தா அன்னிக்கு அவரு சோறே துன்றதில்ல மாமா”ன்னு அழுதது. என்னை மன்னித்துவிடு. எனக்கு அவளைப் பார்த்தால்தான் சோறு இறங்குகிறது, உனக்குப் பார்த்தால் இறங்கவில்லை.

ஏரியில் ஒரே இடத்துக்குப் பல வலை ஆசைப்பட்டால் நாம் என்ன செய்வோம்? சீட்டுப் போட்டு நாள் பிரிப்போம், இன்று உன் பாடு, நாளை என் பாடு, அடுத்தவன் பாடு நாளில் கை வைக்க மாட்டோம். இதையும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு விடு, மற்ற ஆறு நாளும் உன் பாடு, நான் தொட மாட்டேன். பாடு கிடைத்தவன் கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்வதும் வழக்கம்தான், என்றைக்காவது மனசு வந்தால் ஞாயிறு என்னோடு வா.

மூன்று பேரும் நன்றாக இருங்கள். குழந்தைக்கு என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு, நீ பட்டினி கிடந்தால் அவள் என்னைத்தான் திட்டுவாள்.

உன் நைனா,
கண்ணப்பன்