கால் முளைத்த கரித்தூசி

ஆகஸ்ட் 14, செவ்வாய்

எங்கள் பூனை மணி பத்து நாளாகக் காதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த கறுப்பை அப்பா வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸிலிருந்து பறந்து வரும் கரித்தூசி என்றே நினைத்துத் தினமும் துடைத்தேன். "சொறி பிடிச்ச பூனை. ஞாயித்துக்கிழமை குறிஞ்சிப்பாடியில கொண்டுபோய் விட்டுடறேன்" என்றிருந்தார் அப்பா.

இன்று, மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா அந்தத் தூசியைக் கறுப்புத் துணியில் தட்டி லென்ஸை நீட்டினார். வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தன.

"கரித்தூசிக்குக் கால் முளைச்சிருக்கு பாரு. காதுப் பூச்சிடி. வெதுவெதுப்பா தேங்காயெண்ணெய் விட்டு, தேய்ச்சி, பஞ்சால துடை. மூணு வாரம் விடாம செய்."

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னேன். மணியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எண்ணெய் சூடு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. மணி இன்னும் காதை உதறுகிறது. உதறட்டும், எங்கள் வீட்டிலேயே.