திருகு சக்கரமும் பாப்பாவின் முதல் நடையும்

மகனுக்கு,

ஊருக்குக் கிளம்பும் உன் அக்காவின் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. எல்லாரும் வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நேற்று உன் மகள் முதன்முதலாக எழுந்து நடந்தாள். நீயோ கேமராவை மேனுவலில் வைத்துக்கொண்டு, தெருவெயிலுக்கு வைத்த வெளிச்ச அளவுகளைக் கூடத்துக்காகச் சக்கரம் திருகித் திருத்திக்கொண்டிருந்தாய்.

"பாப்பா நடந்து, விழுந்து, உக்காந்தாச்சு. நீ திருகிட்டே இருடா" என்றாள் உன் அம்மா.

"கேமராவே அளவு வச்சுக்க, ஆட்டோல எடுக்கிறதெல்லாம் ஒரு போட்டோவாம்மா?" என்று சீறினாய்.

குளத்தின் ஆழத்தை அளந்த பிறகே மீன் பிடிப்பேன் என்றதாம் ஒரு கொக்கு. அளந்து முடித்தபோது குளம் வற்றியிருந்தது. கொக்குக்காவது ஆழம் தெரிந்தது. உனக்கு மிஞ்சியது ஒரு கறுப்புப் படம்.

மாலையில் அக்கா கிளம்புகிறாள். இனி எப்போது வருவாளோ. அம்மாவையும் அவளையும் எடுக்கும்போது தயவுசெய்து ஆட்டோவில் வை. உன் வித்தையைப் பூந்தொட்டியிடம் காட்டு. அது எத்தனை நேரமானாலும் காத்திருக்கும்.

அப்பா

எழுதாமல் விட்டது: அம்மா நேற்றுத் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். பாப்பா உன்னை நோக்கித்தான் கைநீட்டி நடந்து வருகிறாள். நீ கேமராவின் மேல் குனிந்திருக்கிறாய்.