பலகையின் அடிப்பக்கம்

2025 ஜூன் 22, ஞாயிறு

ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை ஓடும் அத்தனை த்ரீவீல் ஆட்டோக்களுக்கும் பெயின்ட் அடித்து முகம் கொடுத்த வர்ணச் சக்கரவர்த்தி சுதாகரன் ஆகிய நான், இன்று முதல் மரவேலைக்கும் இறங்கி அருள்பாலிக்கிறேன். காரணம் ஒரு கெரம் போர்டு.

மண்சரிவில் புதைந்து மூன்று வாரம் மண்ணுக்குள் கிடந்தது. சிவசாமி மச்சானின் உடலை மூன்றாம் நாளே எடுத்துவிட்டோம். போர்டு நேற்றுத்தான், சரிந்த லயத்து வீட்டு வரிசையின் கூரைத் தகரத்தை இழுத்தபோது கிடைத்தது. கல்யாணமான வருடம் மச்சானே தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தது. அவரும் என் அக்கா ஜீவராணியும் இருபத்து மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் ஆடியது. மலை சரிந்த அன்று அக்கா டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போயிருந்ததால் தப்பினாள். அந்த வீட்டில் அவளும் இந்தப் பலகையும்தான் மிச்சம்.

அக்கா மகள் தனுஷிகா மட்டும் பார்த்தாள். கண்டியில் துணிக்கடையில் நிற்பவள், லீவில் வந்திருக்கிறாள். "மாமா, அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. சரி பண்ணுங்க. புது காம்பரா வீட்டுல பால் காய்ச்சுற அன்னிக்குக் குடுப்போம்."

மூச்சு விடமாட்டேன். இமயமலையையே கொடுத்தாலும் சட்டைப் பைக்குள் ஒளித்து வைப்பேன்.

ஜூன் 24

மழை. மழைச் சத்தம் கேட்டால் இப்போது எழுந்துபோய் மேட்டு மண்ணைப் பார்க்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

கழுவினேன். ஒரு தோட்டத்தையே நிரப்பும் மண் வந்தது. காய்கள் பதினொன்று கிடைத்தன. மற்ற எட்டையும் கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டையில் அறுத்து எடுத்தேன். தேயிலைக் கட்டை இரும்புக்கு அண்ணன். இரண்டு ரம்பம் வீரமரணம்.

ஜூலை 6, ஞாயிறு

போர்டைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க மச்சானின் பென்சில் கிறுக்கல். ஒரு லட்சம் எறும்பு வரிசை கட்டிக் கதிர்காம யாத்திரை போனதுபோல. பாதிக்கு மேல் மண்கறை. தெளிவாக இருந்த ஒன்றை வாசித்துச் சிரித்தேன்: "2011 மார்ச் 13. மழை. ஜீவா ஜெயிச்சா. தேத்தண்ணி நான்." ராஜராஜன் கூடத் தோற்றதற்குக் கல்வெட்டு வெட்டவில்லை. மச்சான் வெட்டியிருக்கிறார், தோற்றவர் தேநீர் ஊற்றிய தண்டனையோடு.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். பழையதை முழுக்க உரிக்காமல் புதுசு நிற்காது. எண்பதாம் நம்பர் உப்புப் பேப்பரை எடுத்துத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம். அதன்மேல் மூன்று கோட் லாக்கர் பூச்சு. அடிப்பக்கம் பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கிறது. யாருமே பார்க்காத பக்கத்தையும் பளபளக்க விடுபவன்தான் கலைஞன்.

ஜூலை 13

மேல்பக்கமும் முடிந்தது. சந்திரன் இதைப் பார்த்தால் வெட்கப்பட்டு வேலையை விட்டுவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

எழுத வேண்டாமென்றுதான் நினைத்தேன்.

லயத்துக்குப் பதிலாக அக்காவுக்குக் கொடுத்த தகரக் காம்பராவில் பால் காய்ச்ச வைத்தார்கள். பழைய சேலையில் சுற்றிக் கொண்டுபோன போர்டை நான் ஒரு பெரிய பிரசங்கத்தோடு நீட்டினேன். அக்கா சேலையை விலக்கியதும் அழுதாள். மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"எங்கடா?"

"என்னக்கா?"

"அவரு எழுதுனது."

மண்கறையாக இருந்தது, தேய்த்துவிட்டேன் என்றேன். அக்கா போர்டை மறுபடி அந்தச் சேலையில் சுற்றினாள். திட்டியிருக்கலாம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

வெளியே வந்து தனுஷிகாதான் சொன்னாள். அவள் பிறந்தது, பெரியவளானது, லயத்துக்கு லைட் வந்தது, எல்லாம் அதில் இருந்ததாம். சுவரில் எழுதினால் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள், கடதாசி ஒழுகலில் ஊறிவிடும் என்று மச்சான் பலகைக்கு அடியில் எழுதி வந்தாராம்.

"அப்பா கையெழுத்து வேற எங்கயும் இல்ல மாமா. நானும் சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பக்கத்த நீங்க தொடுவீங்கன்னு நெனக்கல."

ஜூலை 21

வேலைக்கு முந்தியே கராஜுக்குப் போனேன். குப்பை வாளியைக் கவிழ்த்தேன். தேய்த்த பேப்பரில் இரண்டு துண்டு கிடைத்தது. தூசியை என்றைக்கோ கூட்டி அள்ளிக் கொட்டியாச்சு. பேப்பரை வெளிச்சத்தில் பார்த்தேன். சாம்பல் நிறம். அது பென்சிலா, மண்ணா?

என்னடா செஞ்ச சுதாகரா. மண்ணு கூட விட்டு வச்சிருந்துச்சேடா.

ஜூலை 27

அக்காவிடம் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஜூலை 6-இல் கேலிக்காகக் கொப்பி பண்ணியதை அக்காவுக்கு வாசித்தேன். ராஜராஜனை விட்டுவிட்டேன்.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"எத்தன எழுதி வச்சிருக்க?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா." நோட்டை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தாள்: "அன்னிக்கு நான் ஜெயிக்கலடா. எனக்குக் காய்ச்சல். அவரா விட்டுக் குடுத்தாரு."

மற்றதெல்லாம் சொல்லு, எழுதுகிறேன் என்றேன். யோசித்து யோசித்து ஆறு சொன்னாள். அதில் இரண்டுக்கு வருடம் தெரியவில்லை. அந்தப் பலகையில் இருநூறு வரியாவது இருந்திருக்கும். இது நான் பெருக்கிச் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 10

தனுஷிகா கண்டிக்குப் போய்விட்டாள். அக்கா தனியாக.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். போனபோது காம்பராவின் நடுவில் போர்டு. காய் அடுக்கி, பவுடர் தூவித் தயாராக இருந்தது. "உக்காரு" என்றாள். ஆடினோம். நான் அறுத்த காய்கள் கொஞ்சம் கனம், ஓடவில்லை. நான் தோற்றேன். விட்டுக் கொடுத்துத் தோற்கவில்லை, உண்மையாகவே தோற்றேன்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். அக்கா போர்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பென்சிலை நீட்டினாள்.

"எழுது."

எழுதினேன். பென்சில் வழுக்கியது. அழுத்தினேன், முனை முறிந்தது. சீவிக்கொண்டு வந்து மறுபடி எழுதினேன். மூன்று கோட் லாக்கர். ஒரு கோடுகூட விழவில்லை.

அக்கா பென்சிலை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். "சரி, நீ ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

2025 ஆகஸ்ட் 17. மழை. அக்கா ஜெயித்தாள். தேத்தண்ணி நான்.