உப்பு ஜாடி இருந்த இடம்

மதினி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உப்பு ஜாடியைத் தேடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த இடத்தில் அது இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் துணி போட்டு மூடிக் கிடந்தது. துணியை விலக்கும்போதே புரிந்துவிட்டது. உங்கள் மகளுக்கு என் அம்மா விரதக் காப்புக் கட்டிவிட்டாள். சித்திரைத் திருவிழா முடியும்வரை இந்த வீட்டில் உப்பில்லாச் சமையல்தான்.

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்ய எனக்குத் தெம்பு இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

லித்தியம் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் எடுத்துக் கொடுத்த அதே நேரத்துக்கு. கை லேசாக நடுங்குகிறது. காப்பி டம்ளரை விருந்தாளிகளிடம் நீட்டுவதில்லை, மேசையில் வைத்துவிடுகிறேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். சில மாதங்களுக்கு ஒருமுறை தேனிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இருப்பதற்கு இத்தனை வேலை பார்க்க வேண்டியிருப்பதுதான் சலிப்பாக இருக்கிறது.

புகுந்த வீட்டிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பிய வருடம் உங்களுக்கு மறந்திருக்காது. கம்பத்தில் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் புறப்பட்ட ஜீப்பை மறித்து ஏறிக்கொண்டேன். இன்றைக்கு எல்லோருக்கும் லீவு, சம்பளத்தை நான் தருகிறேன் என்று வளையல்களைக் கழற்றி உள்ளே இருந்த கூலிப் பெண்களின் மடியில் போட்டேன். பல நாள் தூக்கமில்லை, ஆனால் களைப்பே இல்லை. உலகமே என் பேச்சைக் கேட்கக் காத்திருப்பது போல இருந்தது. நீங்கள் ஓடி வந்தீர்கள். டிரைவர் சிரித்தபடி, "அக்கா, ஒங்க நாத்தனா எஸ்டேட்டையே வாங்கிருச்சு போல" என்றான். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "வாங்குனா ஒன்னையத்தான்டா கங்காணியாப் போடுவா. இப்ப எறங்க விடு" என்றீர்கள். என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை அவன் பக்கம் திருப்பிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள்.

தேனி மனநல டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். கேட்பவர்களிடம் தைராய்டு என்று சொல்லிவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்தார். சொன்னோம். சில வருடங்களில், இந்த மருந்தாலேயே எனக்கு நிஜமாகவும் தைராய்டு வந்தது. "பொய் சொல்லிச் சொல்லியே வரவழைச்சுட்டோம் தாயி" என்று நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் மகளுக்கு இன்றுவரை அந்தப் பொய் மட்டும்தான் தெரியும்.

மருந்து ஆரம்பித்த அடுத்த சித்திரையில் அம்மா எனக்காக நேர்ந்துகொண்டாள். காப்புக் கட்டி, உப்பில்லாமல் விரதம் இருந்தேன். மாத்திரையை நிறுத்தவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நாளில் கை உதறத் தொடங்கியது. கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. கோயில் வாசலில் நின்றபோது உடம்பே ஆடியது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று யாரோ சொல்ல, சுற்றி நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா அழுதபடி என் நெற்றியில் திருநீறு பூசினாள். எனக்கு வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நீங்கள் மட்டும் கும்பிடவில்லை. "காலையிலருந்து வாந்தி எடுக்குறா அத்தை. இது சாமி இல்ல" என்றீர்கள். தெய்வ குத்தமாகிவிடும் என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "குத்தம்னா எனக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினீர்கள்.

உப்பு அடியோடு நின்றால் உடம்பு இந்த மருந்தை வெளியே விடாது, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஜாடியை எல்லோர் கண்ணிலும் படும்படி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். தெனம் ஒரே மாதிரி" என்பீர்கள். அம்மா அப்புறம் அதைத் தொட்டதில்லை. நீங்கள் கண்மூடிய இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு அது மறந்துவிட்டது போலிருக்கிறது.

உங்கள் மகள் தூங்குவதில்லை, மதினி. நான் எழுந்து வருவதற்குள் பீரோவைக் காலி செய்து எல்லாத் துணியையும் மறுபடி மடித்து வைத்திருக்கிறாள். கல்லூரிக்குப் போவதில்லை. திராட்சை ஜூஸ் கம்பெனி தொடங்கப் போகிறாளாம், வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாளாம். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அம்மா இல்லாத ஏக்கம், விரதம் இருந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் அந்தக் கண்களின் மினுமினுப்பை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

நம் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் அழுகின பழங்களை நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டீர்கள். "எம் புள்ளைக்கும் வந்துருமா?" தெரியவில்லை, ரத்த வழியில் வரலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். நீங்கள் கையிலிருந்த குலையை நறுக்கி முடித்தீர்கள். பிறகு கூடையில் வைத்துவிட்டு, "வந்தா நீ இருக்கேல்ல" என்றீர்கள்.

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் இந்த இரண்டு வருடமும் நடக்கிறேன். சில நாள் கனமாக இருக்கிறது. இந்தத் தாகத்தையும் நடுக்கத்தையும் அவளுக்கு நானே காட்டிக் கொடுக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. என்னைப் பார்த்து அவள் பயந்துவிட்டால் என்ன செய்வது?

ஜாடியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "காப்புக் கட்டிருக்குல்லத்தா" என்றாள். எனக்கு வேண்டும் என்றேன். ஜாடியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஜாடியைத் தொடாமல் போய்விட்டாள்.

நாளைக்குத் தேனியில் எனக்கு ரத்தப் பரிசோதனை. எப்போதும் தனியாகத்தான் போவேன். இந்த முறை துணைக்கு வா என்று உங்கள் மகளைக் கூப்பிடப் போகிறேன். ஊர் சுற்றுவது என்றால் மறுக்க மாட்டாள். பஸ் சின்னமனூரைத் தாண்டியதும் அத்தைக்கு இருப்பது தைராய்டு மட்டும் இல்லை என்று சொல்லப் போகிறேன். ஜீப்பை மறித்த கதையையும் சொல்வேன், அது அவளுக்குப் பிடிக்கும். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க எனக்கு ஒரு சீட்டும் அவளுக்கு ஒரு சீட்டும் போடச் சொல்வேன். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் இது தெரியாது. அவளுக்கும் இன்னும் தெரியாது. கையில் கட்டிய காப்பை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன், மதினி. அது பாட்டுக்கு இருக்கட்டும்.